லாபான் வேஷமும் எங்கம்மா குத்துவிளக்கும்

திருமானூர்,
28-1-2004.

செட்டிகுளத்தில் வெங்காயம் குவித்த பட்டறையோடும் வீம்போடும் குறைவில்லாமல் இருந்துவரும் மைத்துனர் திரு. செல்லதுரை அவர்களுக்கு, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற திருமானூர் நல்லுசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை காத்தாயியும் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்பது மரியாதை, ஆகவே கேட்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு நீங்கள் தங்கைக்கு அனுப்பிய சீர் வந்து சேர்ந்தது. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் நான் தொடவில்லை. வெங்காய மூட்டையை மட்டும் உள்ளே தூக்கி வைத்தேன், ஏனென்றால் சண்டை உங்களோடுதானே தவிர வெங்காயத்தோடு இல்லை. தினமும் சாம்பாரில் போடுகிறார்கள், நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இது சமாதானக் கடிதம் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொள்ள வேண்டாம். இது என் தாயார் இந்த வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு சம்பந்தமான கடிதம். உங்களுக்கும் அதைத் தெரியும். உச்சியில் அன்னம் இருக்கும். அன்னத்தின் கழுத்து ஒடிந்து ஈயம் வைத்துப் பற்றவைத்ததால், அது எந்நேரமும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் திரும்பியே இருக்கும். என் மகள் அனிதா உங்கள் மகன் மணிவேலோடு என்னிடம் சொல்லாமல் கிளம்பிப் போன அன்றைக்கே அந்த விளக்கையும் காணோம். பெண்ணும் விளக்கும் ஒரே நாளில் காணாமல் போனால் விளக்கு எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாயா வேண்டும்? உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் உங்களைத் திருடர் என்று சொல்லவில்லை. விளக்கு இருக்கும் இடம் உங்கள் வீடு என்று மட்டும்தான் சொல்கிறேன்.

ஊர் உலகத்தில் பிள்ளைகள் ஓடிப்போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முறையில்லாத இடமாக இருக்கும், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஓடுவார்கள். சொந்தத் தாய்மாமன் மகனோடு ஒரு பெண் ஓடிப்போனது இந்தப் பெரம்பலூர் ஜில்லாவிலேயே எங்கள் வீட்டில்தான். அனிதா பிறந்தபோதே "மணிவேலுக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா" என்று மருத்துவமனை வாசலில் சர்க்கரை கொடுத்தவர் நீங்கள். பிறகு எதுக்கு மச்சான் அதுங்க ஓடணும்? நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாததால் ஓடின. நாம் ஏன் பேசிக்கொள்ளவில்லை? உங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் முதல் பந்திக்கு உங்கள் வெங்காய வியாபாரிகளை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு மாப்பிள்ளை நான். என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க நம்ம ஆளு, அப்பறமா சாப்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு தாண்டிப் போனீர்கள். நம்ம ஆளாம்! நம்ம ஆளுக்கு வயிறு கிடையாதா? நான் இலையில் உட்காராமலே பஸ் ஏறினேன். அன்றைக்கு முடிந்தது பேச்சு. பெண் கேட்டு நீங்கள் வரட்டும் என்று நானும், கூப்பிடட்டும் என்று நீங்களும் இருந்துவிட்டோம்.

பிள்ளைகள் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்திருப்பார்கள் என்று உங்கள் தங்கை கேட்கிறாள். சரி, போகட்டும். ஆனால் எந்த நாள் பார்த்துப் போனார்கள் தெரியுமா? நான் பணி ஓய்வு பெற்ற நாள். டிப்போவில் எனக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, "நல்லுசாமி அண்ணனைப் போல் சில்லறை கொடுத்த கண்டக்டர் இல்லை" என்று பொய்யாக நாலு வார்த்தை பேசினார்கள். காத்தாயி தலைவலி என்று விழாவுக்கு வரவில்லை. மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து, "அனிதா, அப்பாவுக்கு ஆரத்தி எடும்மா" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். காத்தாயிதான் வந்தாள். "புள்ள மணிவேலோட போயிட்டா. மாலையைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்தார்கள், நீங்கள் ஆரத்தி எடுத்து உள்ளே விட்டீர்கள். எனக்கு ஒரு ஆள் விட்டீர்களா? ஒரு போன்? எனக்கு வர வேண்டிய ஆரத்தியும் சேர்த்து உங்கள் வீட்டு வாசலில் போய்விட்டது, மச்சான்.

ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாவில் போட்ட நாடகத்தால் வந்தது. எங்கள் தெருவை அடுத்தது மாதா கோயில் தெரு. அங்கே ஜபம் சொல்லிக்கொடுத்து, திருவிழா வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைபவர் உபதேசியார் சவரிமுத்து. வருஷா வருஷம் தங்கள் வேதமான பைபிளிலிருந்து ஒரு கதையை எடுத்து நாடகம் போடுவார். இந்த வருஷம் யாக்கோபு கதை. அதில் மாமனார் வேஷம் போட வேண்டிய லாரி டிரைவர், கரும்பு வெட்டு மும்முரம் என்று ஆலைக்கு லோடு ஏற்றிப் போனவர் திரும்பி வரவில்லை. உபதேசியார் என்னிடம் வந்து நின்றார். "நல்லுசாமி, கரண்டு போனா மைக் செட்டு நின்னுரும், உங்க தொண்டை நிக்காது. நீங்கதான் லாபானா வரணும்" என்றார்.

"நான் முருகன் கோயிலுக்குக் காவடி தூக்குற ஆளு. எனக்கென்னங்க இதுல?" என்றேன்.

"லாபானும் நம்ம மாதா கோயிலைப் பாத்ததில்ல. வெறும் மாமனாருதான்."

"நல்லவனா, கெட்டவனா?"

"அது பாக்குறவங்களைப் பொறுத்தது."

"மருமகன் ஏமாத்துனானா, இவன் ஏமாத்துனானா?"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி."

"அப்ப நான் வரேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஒத்திகையில்தான் முழுக் கதையும் கேட்டேன். அடேயப்பா! வேதம் என்றால் சாமியும், சம்மனசு என்கிற தேவதூதர்களும் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், போனால் நம் சின்னத் தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறது. யாக்கோபு என்பவன் கண் தெரியாத அப்பனுக்கு முன்னால் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு போய், நான்தான் அண்ணன் என்று சொல்லி, அண்ணனுக்குப் போக வேண்டிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்கிறான். அதற்கு ஆத்தாளே கூட்டு. அண்ணன் வந்து, "அப்பா, எனக்குன்னு ஒண்ணுமே மிச்சம் வைக்கலியா?" என்று ஓவென்று அழுகிறான். தம்பிக்காரன் பயந்து ஓடி எங்கே வருகிறான்? தாய்மாமன் வீட்டுக்கு! மாமன்தான் லாபான், அதாவது நான். மாமனின் இளைய பெண் ராகேலைக் கேட்டு ஏழு வருஷம் ஆடு மேய்க்கிறான். கல்யாணத்தன்றைக்கு மாமன் மூத்த பெண்ணுக்கு முக்காடு போட்டு அவளைக் கட்டிவைத்துவிடுகிறான்.

இதைச் சொல்லிவிட்டு உபதேசியார் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் விடுவேனா? "இதுல என்னங்க தப்பு? மூத்தது வூட்டுல இருக்கறப்ப இளையதை எப்படிக் குடுப்பான்? திருமானூர் ஒன்றியத்துல எந்த அப்பன் குடுப்பான், சொல்லுங்க பாப்போம்" என்றேன். அங்கே நின்ற அத்தனை பேரும், ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த கிழவிகள் உட்பட, என் பக்கம். உபதேசியார் தலையைச் சொறிந்தார். "வருசா வருசம் இந்தக் கதையைச் சொல்றேன். லாபானுக்கு இத்தனை ஓட்டு விழுந்து இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

ஆனால் அதற்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். லாபான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, பிறகு ராகேலையும் கட்டிக்கொண்ட யாக்கோபு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். போகும்போது ராகேல் அப்பன் வீட்டுச் சாமியை எடுத்து ஒளித்துக்கொண்டு போய்விடுகிறாள். மச்சான், நான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கப் போகவில்லை, மாலை வாங்கப் போயிருந்தேன், வித்தியாசம் அவ்வளவுதான். "யோவ், எங்க வூட்டுக் கதையை யாருய்யா உங்களுக்குச் சொன்னது?" என்று உபதேசியாரின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். அவர் சத்தியம் செய்தார், ரொம்பப் பழைய காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். "இவ்வளவு மோசமான குடும்பத்தை எல்லாம் எதுக்கு வேதத்துல எழுதினாங்க?" என்று கேட்டேன். "யோக்கியமான குடும்பமா தேடியிருக்காங்க, ஒண்ணும் அகப்படல" என்றார்.

நாடகத்தன்று நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்தால் சிரியுங்கள். யாக்கோபின் மந்தை என்று தெருவிலிருந்து நிஜ ஆடுகளையே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏறினதும் முதல் வேலையாகக் கூடாரத்துக் கீற்றைத் தின்றன. யாக்கோபாக வந்தவன் சைக்கிள் கடை அன்பழகன். அவனுக்குக் கற்றாழை நாரில் தாடி ஒட்டியிருந்தார்கள். அவன் குனிந்து ஆட்டை விரட்டப் போக, ஒரு கிடா தாடியைக் கவ்விக்கொண்டது. பாதித் தாடி ஆட்டின் வாயில், பாதித் தாடி யாக்கோபின் முகத்தில். அப்படியே கடைசி வரை நடித்தான் பாவம். ஒட்டகம் எது என்றால் அவன் கடை சைக்கிள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே கோணி போர்த்தி, முன்னால் ஒரு பாய்ச்சுருளைக் கழுத்தாக நிறுத்தியிருந்தது. நகரும்போதெல்லாம் ஒட்டகம் மணி அடித்தது. அழகி ராகேல் யார் தெரியுமா? டெய்லர் பூங்காவனம். "மீசையை எடுத்தா என் பொண்டாட்டி வூட்டுல சேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டான். அதனால் ராகேல் முதல் காட்சியிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள், எதற்கு அழுகிறாள் என்று ஜனங்களுக்குப் புரியவே இல்லை.

பாதியில் எதிர்பார்த்த மாதிரி கரண்டு போனது. பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். என் கட்டம் வந்தது. ஓடுகிற மருமகனை லாபான் துரத்திப் பிடிக்க வேண்டும். மேடையைச் சுற்றி ஓடினேன். "நில், யாக்கோபே!" என்று சொல்ல வேண்டும். பழக்க தோஷம், பாருங்கள், கழுத்தில் விசில் கிடந்தது. ஒரு ஊது ஊதி, "ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். அன்பழகன் ஒட்டகத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தினான். ராகேல் முன்னால் போய் யாக்கோபு முதுகில் மோதினாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு படுபாவி "ரைட், போலாம்" என்றான்.

அடுத்தது தேடும் கட்டம். லாபான் எல்லாக் கூடாரத்திலும் தன் சாமியைத் தேட வேண்டும். ராகேல் அதை ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து மேலே உட்கார்ந்திருக்கிறாள். கோயிலில் இன்னொரு சாமி சிலையை வைத்து விளையாடக்கூடாது என்று உபதேசியார் கனமான பித்தளைச் சாமான் எதையோ யாரிடமோ இரவல் வாங்கி, துணியில் சுற்றிச் சேணத்துக்குள் செருகியிருந்தார். ராகேல் சொல்ல வேண்டிய சாக்கு, பெண்களுக்கு மாதா மாதம் வருவதுதான். பூங்காவனம் மீசையை மறைத்துக்கொண்டு, "எந்திரிக்க முடியலப்பா, நான் தூரமா இருக்கேன்" என்றான். பொம்பளைகள் பக்கத்திலிருந்து, "எத்தனாவது நாளு பூங்காவனம்?" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். டிக்கெட் எடுக்காதவன் சீட்டுக்கடியில் ஒளிந்திருந்தாலும் இழுத்து வந்த கை இது. சேணத்துக்குள் கையை விட்டேன். துணி மூட்டை அகப்பட்டது. கூர்மையாக என்னமோ உள்ளங்கையில் குத்தியது. திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார் பதறினார். "கையை எடுங்க, கையை எடுங்க! வேதத்துல உங்களுக்குக் கெடைக்கல!" கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார். என்ன செய்வது, வேதம் ஆயிற்றே என்று கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் லாபான் பேச வேண்டிய பெரிய வசனம். ஒத்திகையில் அதை நான் கோபமாகப் பேசிப் பழகியிருந்தேன். மருமகனைப் பார்த்துப் பேச வேண்டியதை, அன்றைக்கு என்னவோ ராகேலைப் பார்த்துப் பேசினேன். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேளம் வச்சு, பாட்டு வச்சு அனுப்பியிருப்பேனே. திருட்டுத்தனமா எதுக்கும்மா போன? உன்னக் கட்டிப்பிடிச்சு அனுப்ப எனக்குக் குடுத்து வைக்கலியே. பேரப்புள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்க விடலியே" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், "அனிதா" என்று சொல்லிவிட்டேன். ராகேல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அனிதா. ஆடுகூடக் கத்தவில்லை. உங்கள் தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டாள். பூங்காவனம் முந்தானையைக் கீழே விட்டுவிட்டு, மீசை தெரிய, "மாமா, அழுவாதீங்க மாமா" என்று நிஜமாகவே அழுதான். நான் அழவில்லை. பெட்ரோமாக்ஸ் புகை கண்ணில் பட்டது. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கதைப்படி மாமனும் மருமகனும் அதற்குப் பிறகு கல்லைக் குவித்து எல்லை வைக்கிறார்கள். இதைத் தாண்டி நீ என்னிடம் சண்டைக்கு வராதே, நானும் வரமாட்டேன் என்று ஒப்பந்தம். கோயில் சுற்றுச்சுவருக்கு வாங்கிய செங்கல்லை அன்பழகனும் நானும் அடுக்கினோம். அடுக்கி முடித்தால் அந்தக் குவியல் மேலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம், அதுவும் வேதத்தில் இருக்கிறதாம். உபதேசியார் திருவிழாத் தக்காளிச் சோற்றை இரண்டு இலையில் கொண்டுவந்து வைத்தார். உட்கார வேண்டியதுதானே? அன்பழகன் உட்காரவில்லை. பாதித் தாடியோடு என் முன்னால் நின்று, "மாமா, நீங்கதான் மொதல்ல உக்காரணும்" என்றான். இது நாடகத்தில் கிடையாது. உபதேசியாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவனாகச் சொன்னான். நான் உட்கார்ந்து, வழித்துச் சாப்பிட்டேன். செல்லதுரை மச்சான், உங்கள் கிரகப்பிரவேசத்தில் நான் சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டை அந்தச் செங்கல் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதனால் இறங்கி வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். லாபான் செய்த மாதிரி நானும் முறையாக ஒப்பந்தம் சொல்கிறேன். நமக்கு எல்லை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு. அதைத் தாண்டி நான் செட்டிகுளத்துக்கு வரமாட்டேன், நீங்கள் திருமானூருக்கு வர வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரியலூர் வண்டிகள் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். என் தாயார் விளக்கை நல்ல துணியாகச் சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைக்கவும். மணிவேல் என்னோடு பேச வேண்டும் என்று இல்லை, வந்து நின்றால் போதும். அனிதா வந்தால் வரட்டும், பஸ் ஸ்டாண்டு பொது இடம். அவள் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் விளக்கு கனமானது, தூக்க இரண்டு கையும் வேண்டும், அந்த நேரத்தில் குழந்தையை யாராவது வைத்திருக்க வேண்டுமே. நான் சும்மாதான் நின்றுகொண்டிருப்பேன்.

உங்கள் தங்கை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அனிதாவோடு பேசுகிறாள். பேசிவிட்டு வந்து, எனக்குக் காது கேட்கிற தூரத்தில் மாட்டிடம் சொல்கிறாள். பேரனுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டதாம். அழுகிறபோது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறானாம். அது யார் ரத்தம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உங்கள் சம்சாரம், தங்கச்சி பச்சையம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் மாடு கன்றுகளும், பட்டறை வெங்காயமும் அழுகல் சொத்தை இல்லாமல் இருக்க அந்தச் செட்டிகுளத்து முருகன் துணை நிற்கட்டும். மணிவேலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டும்போது தலைக்கவசம் போடச் சொல்லவும். விளக்கோடு வரவும். விளக்கு இல்லாமல் வந்தால் நான் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
எல்லையைத் தாண்டாத,
நல்லுசாமி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து, உறையில் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியும் ஆயிற்று. நம்ம பழைய சிநேகிதன் போகிற அரியலூர் வண்டியில் கொடுத்தனுப்பலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். உபதேசியார் சவரிமுத்து ஒரு துணி மூட்டையோடு வந்து, "காத்தாயி, நாடகத்துக்கு இரவல் குடுத்தியேம்மா, இந்தா" என்று வைத்துவிட்டுப் போனார். பித்தளை டங்கென்றது. நான் பிரித்தேன். எங்கம்மா விளக்கு. அன்னம் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சேணத்துக்குள் என் கையைக் குத்தியது அதன் அலகு. மேடையில் என் கைக்குள் இருந்ததைத்தான் வேதத்தில் இல்லை என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து எழுந்தே வரவில்லை. அங்கிருந்தே பேசினாள். "உங்க காக்கி உடுப்பு வச்ச டிரங்குப் பெட்டியிலதான் கெடந்துச்சு. ரிட்டேர்டு ஆனதுலேருந்து அதை நீங்க தொறந்தீங்களா? மேடையிலயாவது கண்டுபுடிப்பீங்கன்னுதான் குடுத்தனுப்புனேன். பஸ்ஸு பூரா டிக்கெட் இல்லாதவனைப் புடிச்ச ஆளு, கையில அகப்பட்டதை விட்டுட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். "எதுக்குடி ஒளிச்ச?" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னாள். போகிற அன்றைக்கு அவள்தான் விளக்கைத் துடைத்து, துணி சுற்றி அனிதா கையில் கொடுத்தாளாம். அனிதா வாங்கவில்லையாம். "வேணாம்மா. அப்பா வந்து அவரு கையால குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். அது வரைக்கும் அகல் வெளக்கே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனதாம். நானாகத் திறந்து எடுத்துக்கொண்டு கிளம்பட்டும் என்றுதான் என் பெட்டியில் வைத்தாளாம். மச்சான், இன்றைக்கு வரைக்கும் உங்கள் வீட்டில் என் பெண் அகல்தான் ஏற்றுகிறாளாமே? நீங்கள் புதுக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தும் தொடவில்லையாமே? ஒரு வார்த்தை எனக்கு எழுதக்கூடாதா? சரி, எழுதியிருந்தாலும் நான் பிரித்திருக்க மாட்டேன்.

ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே நான் எழுதியதைப் படிக்க வேண்டாம், படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும். உங்கள் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. எல்லையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்தாயி தாங்கமாட்டாள், அதனால் நாளைக்கே கிளம்புகிறோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாரும் எனக்காக நிற்க வேண்டாம், நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இந்தக் கடிதம் எனக்கு ஒரு வண்டி முன்னால் வரும். செட்டிகுளத்து டிரைவரிடம் சொல்லி உங்கள் தெருமுனையில் ஒரு தடவை ஹாரன் அடிக்கச் சொல்கிறேன், பேரன் வாசலைப் பார்க்கட்டும். விளக்கை அனிதா கையில் கொடுத்துவிட்டுத்தான் அவனைத் தூக்குவேன், அதற்கு அப்புறம் என் கையிலிருந்து யாரும் வாங்க வரக்கூடாது. சாப்பாடு எந்தப் பந்தியானாலும் சரி.